பாக்கெட் நிறம் மாறினா காபி ருசியும் மாறுமா?

இருபது வருஷமா ஒரே காபித்தூள். போன மாசம் பச்சை பாக்கெட் பழுப்பாயிடுச்சு. அம்மா ஒரு வாய் குடிச்சுட்டு "சிக்கரி ஜாஸ்தி"ன்னு டம்ளரை நகர்த்திட்டாங்க. பாக்கெட் பின்னாடி பார்த்தேன், காபி-சிக்கரி அதே 70:30தான். சத்தமில்லாம பழைய டப்பாவுல கொட்டிப் போட்டுக் கொடுத்தேன். "இதாண்டா காபி"ங்கறாங்க! இது நாக்கா, மனசா?

பதில் 1: ரெண்டும்தான் சார். 1985-ல கோகோ கோலா இப்படித்தான் மாட்டுச்சு. கிட்டத்தட்ட 2 லட்சம் பேர்கிட்ட ருசி பார்த்ததுல, இனிப்பு கூட்டின புதுசுதான் ஜெயிச்சது. கடைக்கு வந்ததும் ஜனம் கொதிச்சுப்போச்சு. 79 நாள்ல பழசு திரும்பிடுச்சு. பேர் தெரியாம குடிச்சப்ப ருசி மட்டும்தானே இருந்தது.

பதில் 2: டப்பாவுல ஊறின வாசனையும் இருக்கும்ல?

கேட்டவர்: கழுவித்தாங்க போட்டேன்! அம்மாகிட்ட இன்னும் சொல்லல.