நாட்டின் ‘நிழல்’: வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மாலை வகுப்பிலிருந்து:

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். நாட்டு அடையாளம், சமூக அநீதி பற்றிய உளவியல் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘கூட்டு நனவிலி’ (எல்லாரும் அறியாமலே பகிரும் அடிமனம்), ‘புறத்தேற்றம்’ (தன் குறையை அடுத்தவர்மேல் ஏற்றிப் பார்ப்பது) இரண்டும் வகுப்பில் பழகிவிட்டன. உளவியலாளர் கார்ல் யுங்கின் ‘ஷேடோ’வுக்குத் தமிழ்ச் சொல் தேடித்தான் மாட்டிக்கொண்டேன். தன்னிடம் இருப்பதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் உள்ளே தள்ளி மூடிவைக்கும் பகுதி அது. மூடியது சும்மா கிடக்காது, அடுத்தவன் முகத்தில் தெரிய ஆரம்பிக்கும். 1936-இல் யுங் ஜெர்மனியைப் பற்றி எழுதியபோது ஒரு நாட்டின் வெறியையே கூட்டு நனவிலி வழியாக விளக்கப் பார்த்தார். யுங் வழிவந்த சிங்கரும் கிம்பிள்சும் 2004-இல், தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டம் சுமக்கும் காயத்தைப் ‘பண்பாட்டுச் சிக்கல்’ என்ற பொருளில் பேசினார்கள்.

‘நிழல்’ என்று எழுதினேன். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி வளர்ந்த ஓர் அக்கா உடனே கேட்டார்: “வெள்ளிக்கிழமைதோறும் ‘ஈசன் எந்தை இணையடி நீழலே’ன்னு பாடுறோமே டீச்சர், நிழல் எப்படிக் கெட்டதாகும்?” எனக்குப் பதில் வரவில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து:

அம்மா, ‘கரவு’ இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? கரத்தல் என்றால் மறைத்தல். ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ படித்த பிள்ளைக்குப் புரியாதா? நிழல் ஆகாது. பழந்தமிழில் நிழலுக்கு ஒளி என்றும் பொருள், பிம்பம் என்றும் பொருள். அகநானூற்றில் கண்ணாடிக்கே ‘நிழல்காண் மண்டிலம்’ என்று பெயர். ஒளியையும் இருளையும் ஒரே சொல்லால் சொன்னால் மாணவர் குழம்புவர். அருளுக்கு நீழல், இருளுக்கு நிழல் என்று நெடிலும் குறிலுமாகப் பிரித்து ஆளலாம் என்பது என் நெடுநாள் கருத்து. ஆனால் முதல் தேர்வு கரவே.

செந்தூலிலிருந்து:

ஐயா மன்னிக்கணும். ‘கரவு’ என்றால் வகுப்பில் பாதிப் பேர் காதில் கறவை மாடுதான் விழும். ‘நிழல் உலகம்’ என்று பத்திரிகையில் தினமும் வருகிறது, அங்கே யாரும் குளிர்ச்சியைத் தேடுவதில்லை. நிழல் போதும். இல்லையென்றால் ‘ஷேடோ’ என்றே விட்டுவிடலாம், மக்களுக்குப் புரிவதுதான் முக்கியம்.

பட்டர்வொர்த்திலிருந்து:

புரியவில்லை என்று விட்டுக்கொண்டே போனால் தமிழில் மிஞ்சப்போவது வேற்றுமை உருபு மட்டும்தான், தம்பி.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

நேற்று வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தம்பி, “ஞாயித்துக்கிழமை கோத்தா ராயா பக்கம் போகவே முடியல, ஒரே பங்களாக் கூட்டம், நாத்தம்” என்று பங்களாதேஷ் தொழிலாளர்களைச் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். அந்த அக்காதான் வாயைத் திறந்தார். “தோட்டத்த வித்து எங்கள டவுனுக்கு அனுப்பினப்ப, பஸ்ல நான் உக்காந்தா பக்கத்துல இருக்கிறவங்க எழுந்து போயிடுவாங்க. ஒட்டுப்பால் வாடை துணியவிட்டுப் போகாது தம்பி. கூலிக்காரிதானேன்னு காதுபடவே சொல்லுவாங்க.” அப்புறம் வகுப்பில் யாரும் பேசவில்லை.

எனக்குச் சொல் கிடைத்தது அப்போதுதான். ஐயா எதிர்ப்பாகக் காட்டிய கண்ணாடியே நிழலுக்குச் சாட்சி. பங்களாதேஷ்காரர் முகத்தில் அந்தத் தம்பி பார்த்தது தன் பாட்டியின் பிம்பத்தை. கரவு என்றால் ஒளித்துவைத்ததோடு நின்றுவிடும், எதிரே இருப்பவர்மேல் விழாது. நிழல் விழும்.

நாடும் அப்படித்தான். 1969 மே 13 இனக் கலவரத்துக்கு அடுத்த ஆண்டு வந்த ருக்குன் நெகாராவை, அதாவது மலேசியாவின் தேசியக் கோட்பாட்டை, பிள்ளைகள் பள்ளிச் சபையில் உரக்கச் சொல்கிறார்கள். அது நாடு தனக்கு வைத்துக்கொள்ள விரும்பும் முகம். விண்ணப்பப் பாரத்தில் இனம் கேட்கும் கட்டத்தில் ‘லாயின்-லாயின்’ (மலாயில் ‘மற்றவர்’) என்று ஒதுங்கி நிற்பவரைக் கேட்டால் அந்த முகத்தின் மறுபக்கம் தெரியும். நம்மையும் விட்டுவிடக் கூடாது. பாரத்தில் இனம் கேட்டால் கொதிக்கிற நாம், பெண் பார்க்கப் போன இடத்தில் குரலைத் தாழ்த்தி ‘என்ன ஆளுங்க’ என்று கேட்கிறோம். இதற்கும் அதே சொல்தான் வேண்டும். அரசாங்கத்துக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று இரண்டு சொல் வைக்க எனக்குச் சம்மதமில்லை.

இதுவரை நிழலுக்கு ஐந்து வாக்கு, கரவுக்கு இரண்டு, ஷேடோவுக்கு ஒன்று. ‘கூட்டு நிழல்’ என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். அக்கா கேட்ட கேள்வியையும் அப்படியே கையேட்டில் சேர்க்கிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து:

அச்சிடுங்கள், அம்மா. அந்தப் பெண்மணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என் வாக்கு கரவுக்கே. நிழல், நீழல் பற்றித் தனி மடல் வருகிறது.