சேர்வராயன் மலையை மீட்க வெளிநாட்டு ஆராய்ச்சிப் பணம்: வாங்கலாமா, வேண்டாமா?

ஏற்காட்டுவாசி:

வணக்கம். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் போன வாரம் ஒரு கூட்டம் நடந்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்காரர்கள், இரண்டு வெளிநாட்டுக் குழுக்களோடு சேர்ந்து, சீரழிந்த மலைச்சரிவுகளை மீட்கும் ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறார்களாம். உண்ணிச்செடி (லன்டானா) என்னும் களைப்புதர் மூடிய சரிவு, பாக்சைட் வெட்டி விட்டுப்போன மேட்டு நிலம், காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஓரக்காடு என்று மூன்று வகை இடம். மூன்று வருடத் திட்டம். ஊர் சார்பில் ஒத்துழைப்புக் கடிதம் கேட்கிறார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

என் கருத்து, கொடுக்கலாம் என்பதுதான். 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் முடிவான உலகப் பல்லுயிர் ஒப்பந்தம், 2030க்குள் சீரழிந்த நிலங்களில் 30 சதவீதத்திலாவது மீட்பு வேலை நடக்க வேண்டும் என்கிறது. வளரும் நாடுகளுக்கு 2025க்குள் ஆண்டுக்கு 2,000 கோடி டாலர், 2030க்குள் 3,000 கோடி டாலர் தருவதாக வளர்ந்த நாடுகள் அதில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. இந்தப் பேச்செல்லாம் நம் மலைக்கு எப்போதாவது வந்ததுண்டா? வராத மலைக்கு இப்போதுதான் ஒரு கதவு திறக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சூரமங்கலத்தான்:

வேண்டாம் என்பது என் பதில். ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

வெளியிலிருந்து பணம் வந்து தமிழ்நாட்டில் காடு வளர்த்த கதை புதிதல்ல. 1997 முதல் ஜப்பான் நிதியில் காடுவளர்ப்புத் திட்டம் நடந்தது. அப்புறம் 2011இல் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவின் பணத்தில் பல்லுயிர்ப் பாதுகாப்பு, பசுமையாக்கத் திட்டம் வந்தது. அதெல்லாம் கடன். நம் அரசு திருப்பிக் கட்டும் பணம். இதைச் சொல்லாமல் 'நிதி வருகிறது' என்று மட்டும் பேசுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது, மூன்று வருடத்தில் எந்தக் காடு மீண்டிருக்கிறது? செடி நட்டு, எத்தனை பிழைத்தது என்று எண்ணி, கட்டுரை போட்டு, கிளம்பிவிடுவார்கள். நாலாவது வருடம் உண்ணிச்செடி தலைதூக்கும்போது களை எடுக்க யார் வருவார்கள்? சேலத்துக்காரர்கள் மேக்னசைட் சுரங்கத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். தோண்டினவர் போன பிறகு குழி யாருடையது என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

காட்டுமல்லி:

அண்ணா, நான் தாவரவியலில் ஆய்வு மாணவி, ஊர் ஆத்தூர் பக்கம். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலில், எல்லா வெளிநாட்டுத் திட்டமும் ஜைக்கா மாதிரி இல்லை. பல நாட்டு ஆராய்ச்சி அழைப்புகளில் பெரும்பாலும் ஒரு நாட்டின் பணம் இன்னொரு நாட்டுக்குப் போவதே இல்லை. பல நாட்டு ஆராய்ச்சி நிதி நிறுவனங்கள் சேர்ந்த பெல்மாண்ட் மன்றத்தில் நம் புவி அறிவியல் அமைச்சகமும் உறுப்பினர். அந்த மாதிரி அழைப்பில் மூன்று நாட்டுக் குழுக்கள் ஒரே திட்டத்தை எழுதும், விண்ணப்பத்தைச் சேர்ந்து மதிப்பிடுவார்கள், ஆனால் அந்தந்த நாட்டுக் குழுவுக்கு அந்தந்த நாட்டு நிறுவனமே பணம் கொடுக்கும். யாருக்கும் யாரும் கடனாளி ஆவதில்லை. எனவே அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இது எந்த வகைப் பணம், மானியமா கடனா, யார் கணக்கில் வருகிறது' என்பது. பதில் வராமலே வேண்டாம் என்று சொல்வது அவசரம்.

அடுத்து உண்ணிச்செடி. தரையோடு வெட்டினால் அது மறுபடி தழைத்துக்கொண்டு வரும், நம் ஊரில் எல்லோரும் பார்த்ததுதான். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி. ஆர். பாபு குழு வேறு வழியைக் கண்டது. மண்ணுக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்து போய்விட்டால் துளிர் வராது. கொத்தும் கையும் போதும். அப்புறம் பறவைகள் வந்து உட்காரும் மரங்களின் அடியில் இரண்டு மூன்று வருடம் கண்காணித்து, முளைக்கும் கன்றுகளைப் பிடுங்க வேண்டும், ஏனென்றால் பழத்தைத் தின்று விதையைப் போடுவது பறவைகள்தான். வருடா வருடம் மேலாக வெட்டிக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஆராய்ச்சி தந்தது இது. ஆராய்ச்சி என்றாலே கட்டுரை என்று ஒதுக்க வேண்டாம்.

சூரமங்கலத்தான்:

தங்கச்சி, நல்ல உதாரணம். ஆனால் அது டெல்லிப் பல்கலைக்கழகத்து வேலை. அதே மாதிரி நம் பெரியார் பல்கலைக்கழகத்துக்கும், ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் அரசு பணம் கொடுத்தால் போதாதா? 2023இல் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கென்று தனிச் சட்டமே போட்டார்கள், ஐந்து வருடத்தில் 50,000 கோடி என்றார்கள். அதை மலைக்குக் கேட்பதை விட்டுவிட்டு ஏன் வெளியே பார்க்கிறோம்?

காட்டுமல்லி:

கேட்க வேண்டும், நானும் கேட்கிறேன். ஆனால் கிழக்குத் தொடர்ச்சி மலை ஏன் எப்போதும் விடுபடுகிறது என்று பார்த்தீர்களா? சூழலியலாளர் நார்மன் மையர்ஸ் 1988இல் தொடங்கிவைத்த பல்லுயிர் மையக் (ஹாட்ஸ்பாட்) கணக்கில் ஒரு பகுதி சேர, வேறெங்கும் இல்லாத தாவர இனங்கள் 1,500ஆவது அங்கே இருக்க வேண்டும், இயற்கைத் தாவரப் பரப்பில் 70 சதவீதமாவது அழிந்திருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் சேர்ந்து அந்தப் பட்டியலில் இடம்பிடித்தன. அதனால் உலகச் சூழல் நிதி ஒன்று 2008 முதல் 2015 வரை மேற்கு மலையில் நேரடியாகச் செலவானது. 2012இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டமும் கிடைத்தது. சேர்வராயனும் கொல்லிமலையும் கல்வராயனும் கோட்டுக்கு வெளியே நின்றன.

நம்மிடம் ஒன்றும் இல்லாமலா? வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்று இந்த மலையின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கும் ஒரு சிறு மரம் இருக்கிறது. ஏற்காட்டில் 1963 முதல் தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் வாணியாறும் இங்கேதான் பிறக்கின்றன. பல நாட்டுக் குழு ஒன்று இங்கே அளவெடுத்தால், கிழக்கு மலையும் எழுத்தில் ஏறும். அதற்காகத்தான் சொல்கிறேன்.

நாகலூர் காப்பி:

ஐயா, அம்மா, நான் சின்னத் தோட்டக்காரன். அரபிகா, நடுவில் மிளகு. இரண்டு பக்கமும் படித்தேன். எங்கள் நிலத்தில் நடக்கப்போகிற விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பி கொண்டுவந்த காலத்திலிருந்து இந்த மலையில் நிழல் மரம் வேண்டும். பழைய தோட்டங்களில் பலா, அத்தி, நாவல் என்று கலந்து நின்றது. இப்போது மேலே ஏறிப் பார்த்தால் வரிசையாக சில்வர் ஓக்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நேராக வளரும், மிளகுக் கொடி ஏறும், அவசரத்துக்கு வெட்டி விற்கலாம். பிள்ளை படிப்புக்கு அந்த மரம்தான் வழி. அதை எடுத்துவிட்டு நாட்டு மரம் வை என்று ஆராய்ச்சிக்காரர் சொன்னால், நாட்டு மரம் நிழல் கொடுக்கிற வரைக்கும் என் வருமானத்தை யார் பார்ப்பது?

இன்னொன்று காட்டுமாடு. இப்போது தோட்டத்துக்குள்ளேயே நிற்கிறது. அதற்குக் காட்டில் புல் போதவில்லை, உண்ணிப் புதருக்குள் நுழைய முடியவில்லை என்று வயசானவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா என்று யாராவது அளந்து சொல்லட்டும், நான் என் தோட்டத்து ஓரத்தையே சோதனைக்குக் கொடுக்கிறேன். எனக்குத் தேவையான ஆராய்ச்சி அதுதான். கூட்டத்தில் காட்டிய படத்தில் அது இல்லை. செடி எண்ணிக்கை, மண் கரிமம், பூச்சி வகை என்றுதான் இருந்தது. கேள்வியை எழுதும் முன்னால் எங்களைக் கேட்டிருந்தால் கடிதத்துக்கு இவ்வளவு யோசிக்க மாட்டோம்.

கணக்கர்:

பணம் வரும் வழி பற்றி ஒரு வார்த்தை. தொண்டு நிறுவனக் கணக்குகளைப் பார்ப்பது என் வேலை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010இல் வந்தது, 2020 செப்டம்பரில் திருத்தினார்கள். அதற்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடை பெற்ற ஒரு நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். எனவே 'பெரிய நிறுவனம் வாங்கி ஊர்க் குழுவுக்குப் பிரித்துத் தரும்' என்று யாராவது சொன்னால் கவனம். இந்திய அரசு நிறுவனமே தன் பங்கைக் கொடுக்கும் முறை என்றால் இந்தச் சிக்கல் பெரிதாக வராது. காட்டுமல்லி சொன்ன கேள்வியை எழுத்தில் கேளுங்கள்.

கன்னங்குறிச்சிக்காரன்:

எங்கள் மூக்கனேரியை யாரும் சொல்லவில்லையே. சேலம் மக்கள் மன்றம் 2010இல் அந்த ஏரியைக் கையில் எடுத்தது. தூர் எடுத்த மண்ணையே உள்ளே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். இப்போது பறவைகள் வந்து தங்குகின்றன. அது ஊர்ப் பணம், ஊர் உழைப்பு. வெளிநாட்டு ஆராய்ச்சிக்காகக் காத்திருந்திருந்தால் இன்றைக்கும் சாக்கடைதான் நின்றிருக்கும். சூரமங்கலத்து அண்ணன் பக்கம்தான் நான்.

காட்டுமல்லி:

மூக்கனேரி எனக்கும் பெருமைதான் அண்ணா. ஆனால் ஏரி வேறு, மலை உச்சி வேறு. ஏரியில் எது கெட்டது என்று கண்ணுக்குத் தெரியும். சேர்வராயன் கோயில் பக்கத்து உச்சியில் புல்வெளி இருக்கிறது. தெரியாதவர் பார்த்தால் 'வெற்று நிலம், மரம் வைக்கலாம்' என்றுதான் தோன்றும். 2019இல் 'சயின்ஸ்' இதழில் உலகம் முழுக்க 90 கோடி ஹெக்டேரில் கூடுதலாக மரம் வளர்க்க இடம் இருக்கிறது என்று ஒரு ஆய்வு வந்தது. இயற்கையான புல்வெளிகளையும் அதில் சேர்த்துவிட்டார்கள் என்று பல நாட்டு ஆய்வாளர்கள் உடனே மறுப்பு எழுதினார்கள். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் காட்டையும் மரப்பரப்பையும் 23.7 சதவீதத்திலிருந்து 33 ஆக உயர்த்தப் பார்க்கிறது. நல்ல நோக்கம். ஆனால் எங்கே நட வேண்டும் என்பதைவிட எங்கே நடக் கூடாது என்று தெரிவது இங்கே முக்கியம். நல்ல மனசோடு புல்வெளியில் குழி தோண்டிவிட்டால் திரும்பப் பெற முடியாது. அதைச் சொல்ல வருடக்கணக்கில் அளந்த தரவு வேண்டும்.

சூரமங்கலத்தான்:

புல்வெளி விஷயத்தில் தங்கச்சி சொல்வது சரி, அதை மறுக்கவில்லை. என் எதிர்ப்பு அளப்பதற்கு அல்ல. அளந்தது யார் கையில் இருக்கும் என்பதற்குத்தான்.

2002இன் பல்லுயிர்ச் சட்டப்படி வெளிநாட்டவர் நம் உயிர் வளத்தை எடுக்க வேண்டுமானால் சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஆனால் மத்திய அரசு ஒப்புதல் தந்த கூட்டு ஆராய்ச்சிக்கு அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கு வழியாகத்தான் இந்தத் திட்டம் வரும். சரி, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறதே. அந்தப் பதிவேட்டில் இந்த ஆய்வு முடிவு தமிழில் ஏறுமா? எந்த மூலிகை எங்கே இருக்கிறது என்று இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் காட்டிக் கொடுத்தால் கட்டுரையில் அவர் பெயர் வருமா? மரபணு வரிசையை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் பங்கு தர வேண்டும் என்று 2025இல் 'காலி நிதி' (கொலம்பியாவின் காலி நகரத்தின் பெயர்) தொடங்கினார்கள், பாதியாவது பழங்குடியினருக்கும் உள்ளூர் மக்களுக்கும் என்றார்கள். ஆனால் நிறுவனம் விருப்பப்பட்டால்தான் தரும். நம் மலைக்கு அதை நம்ப முடியாது.

ஏற்காட்டுவாசி:

அண்ணே, அப்படியானால் உங்கள் எதிர்ப்பும் நாகலூர்க்காரர் கேள்வியும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. கடிதத்திலேயே எழுதிவிடலாமே. ஆய்வுக் கேள்வியில் காட்டுமாடும் நிழல் மரமும் சேர வேண்டும், முடிவு தமிழில் பதிவேட்டில் ஏற வேண்டும், காட்டிக் கொடுத்தவர் பெயர் வர வேண்டும். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் கடிதம் இல்லை.

சூரமங்கலத்தான்:

ஒன்று விட்டுவிட்டீர்கள். நாலாம் வருடத்திலிருந்து களை எடுக்கும் கூலி. நாற்றங்கால் எங்கே இருக்கும், யார் நடத்துவார்கள் என்பதும் அதில் வர வேண்டும். அதற்குப் பணம் இல்லை என்று சொன்னால், ஊரக வேலைத் திட்டத்திலோ ஊராட்சி நிதியிலோ வனத்துறை திட்டத்திலோ எங்கே சேர்ப்பது என்று அவர்களே வழி காட்டட்டும். அது எழுத்தில் வரும்வரை நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நாகலூர் காப்பி:

களைக் கூலி இல்லாமல் நானும் கையெழுத்துப் போட மாட்டேன். என் ஓரத்தில் இன்றைக்கு உண்ணி எடுத்தால், அடுத்த மழைக்கு எத்தனை கன்று முளைக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் அவர்கள் மறுபடி வருவதாகச் சொன்னார்கள். காட்டுமல்லி அம்மா, முடிந்தால் நீங்களும் வாருங்கள். புல்வெளி பற்றி நீங்கள் சொன்னதை எங்கள் ஆட்கள் முன்னால் நீங்களே சொன்னால் கேட்பார்கள்.