டிவைஸ்: 'உயில்காணி' பொருந்துமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் 'டிவைஸ்' (devise) என்ற வினைச்சொல்லுக்கு இரண்டு பொருள்: திட்டம் தீட்டுவது, சட்டத்தில் உயில் மூலம் நிலத்தைக் கொடுப்பது. இரண்டுக்கும் தமிழில் 'வகு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையைப் படித்தேன். அழகான யோசனைதான். பிரிப்பதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சுக்குப் போய், பங்கிடு, ஒழுங்குசெய், திட்டமிடு என்று விரிந்த சொல் அது. திட்டம் தீட்டுவதும் உயிலில் நிலம் எழுதுவதும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லானது அப்படித்தான். நம் 'வகு'வும் கணக்கில் பிரிக்கும், போரில் வியூகம் அமைக்கும். வள்ளுவர் அரசனுக்குச் சொல்லும் 'காத்த வகுத்தலும்' பங்கீடுதானே.

திட்டமிடும் பொருளுக்கு 'வகு' இருக்கட்டும். சட்டப் பொருளுக்கு அது ஆகாது. சொத்துப் பத்திரத்தில் 'வகுத்து' என்று கண்டால் பாகப்பிரிவினை என்றே நினைப்பார்கள். அது உயிரோடு இருக்கும் பங்காளிகள் கூடிச் செய்துகொள்வது. உயில், எழுதியவர் இறந்த பிறகே நடைமுறைக்கு வரும்.

சட்டப் பொருளுக்கு 'எழுதிவைப்பு' எனலாமே என்றால், அது மக்கள் வாயில் புழங்கும் சொல் என்பது உண்மை. ஆனால் "வீட்டை மகள் பேருக்கு எழுதி வைத்துவிட்டார்" என்று தான செட்டில்மெண்டுக்கும்தான் சொல்கிறோம். அதில் உரிமை அப்போதே மாறிவிடும்.

சரி, நிலத்துக்கு ஏன் தனிச்சொல்? இங்கிலாந்தில் நெடுங்காலம் நிலத்தை உயிலில் எழுதப் பொதுவாக இடமில்லை. அது பெரும்பாலும் மூத்த மகனுக்கே போனது. நம்பிக்கையானவர் பேருக்கு நிலத்தை மாற்றி, தான் சொல்கிறவருக்கு அதன் பலன் போகும்படி செய்து சுற்றிப் போனார்கள். எட்டாம் ஹென்றி காலத்தில், 1536இல், ஒரு சட்டம் அந்த வழியை அடைத்தது. நிலக்காரர்கள் கொதித்தார்கள். 1540இல் உயில் சட்டம் வந்து நேர்வழியைத் திறந்தது. அதிலும் படைச்சேவைக்கு ஈடாகப் பெற்ற நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எழுதலாம்! நிலத்துக்கு 'டிவைஸ்', பணம் நகைக்கு 'பிக்வீத்' (bequeath) என்ற வழக்கு அங்கே ஊன்றிவிட்டது. அங்கே வந்த 1837 உயில் சட்டமும் இரண்டையும் அடுத்தடுத்தே சொல்கிறது.

ஆகவே, பொதுவாக உயில்வழி வருவதற்கு 'உயில்கொடை' போதும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழில் விளக்க அதற்கு மேல் பெரிதாக வேண்டியதில்லை. ஆங்கிலேய நீதிமன்ற வழக்குகளைப் பற்றி எழுதும்போதுதான் நிலத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும். அதற்கு 'அசையாச் சொத்து' சரிவராது. குத்தகை உரிமை நமக்கு அசையாச் சொத்து, அவர்களுடைய பழைய பாகுபாட்டிலோ அது நிலச்சொத்தில் சேராது.

எனவே 'உயில்காணி' என்று முன்வைக்கிறேன். காணி என்றால் வெறும் மண் இல்லை, வழிவழி உரிமையுள்ள நிலம். காணியாட்சி என்ற சொல்லே சாட்சி. இலங்கையில் இன்றும் அன்றாடச் சொல். அளவைப் பெயராகவும் இருப்பதால் குழப்பம் வருமோ என்று கேட்கலாம். தச்சருக்கு விட்ட நிலம் தச்சக்காணி, நட்டுவருக்கு விட்டது நட்டுவக்காணி என்று முன்னொட்டு சேரும்போது யாரும் அளவை நினைப்பதில்லை.

எழுதுபவரை 'உயில்காணி அளிப்பவர்' எனலாம். பெறுபவருக்கு 'உயில்காணியாளர்' என்பதைவிடச் சின்னதாக ஒன்று வேண்டும். பத்திரம் எழுதும் நண்பர்கள் சொல்லுங்களேன்.