அவசரம்: வினிகர் தரம்பார்த்தலில் அளவு ரொம்பக் குறையுது

கடைசிபெஞ்ச்12:
நாளைக்கு மதியம் புராஜெக்ட் காட்டணும். கடை வினிகர்ல எவ்வளவு அமிலம் இருக்குன்னு, சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலை (சோடா) சொட்டுச் சொட்டா விட்டுத் தரம்பார்த்தேன். பாட்டில்ல அசெட்டிக் அமிலம் 4% னு போட்டிருக்கு, எனக்கு 1.2% தான் வருது. நாலு தடவை செஞ்சாச்சு. வினிகர்ல தண்ணி கலந்திருக்காங்களா?

பிப்பெட்_பிரியன்:
எவ்வளவு வினிகர் எடுத்தீங்க? நீர்த்தீங்களா? சோடாவோட செறிவு எத்தனை மோலார்? இது எதுவும் இல்லாம என்னன்னு சொல்றது?

லேப்காரர்:
சோடாக் கரைசல் எப்பக் கரைச்சது? வச்சிருந்தா காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கார்பனேட் ஆயிடும். எங்க லேப்ல எப்பவும் இதுதான் தொல்லை.

மோலார்70:
தம்பி, சோடா விடற பியூரெட் குழாயைத் தண்ணில அலசிட்டு அப்படியே சோடாவை ஊத்தியிருப்பே. முதல்ல அந்தக் கரைசலாலேயே ஒருமுறை அலசணும். அடிப்படையைப் படிச்சிட்டு வந்து கேளு. வினிகர் மேல பழி போடாதே.

வேதியியல்_அக்கா:
சார், நீங்க ரெண்டு பேரும் சொல்றது நடந்திருந்தா சோடா வலுவிழந்திருக்கும். அப்போ கூடுதல் மில்லி செலவாகும், சதவீதம் ஏறும். இங்க குறையுது. தம்பி, அமிலம் தீர்ந்ததை நிறத்தால காட்ட என்ன நிலைகாட்டி போட்டீங்க? நிறம் எப்படி மாறிச்சு?

கடைசிபெஞ்ச்12:
வினிகர் 10 மிலியைத் தண்ணி விட்டு 100 ஆக்கி, அதுல 20 மிலி எடுத்தேன். சோடா 0.1 மோலார், இன்னைக்குக் காலையில சார் சரிபார்த்துக் கொடுத்தது. சோடா 3.8, 4.1, 3.6, 4.2 மிலி செலவாச்சு. சிவப்பு கொஞ்சம் கொஞ்சமா ஆரஞ்சாகி மஞ்சளாகுது, எங்க நிறுத்தறதுன்னே தெரியல. மெத்தில் ஆரஞ்சுதான், ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் போட்டது.

வேதியியல்_அக்கா:
அதான் கோளாறு. மெத்தில் ஆரஞ்சு, பிஹெச் (அமில-கார அளவு, குறைஞ்சா அமிலம்) 3.1-லிருந்து 4.4-க்குள்ள மாறும். ஹைட்ரோகுளோரிக்ல பிஹெச் ஒரே சொட்டுல தாவும், அதனால சரியா வரும். அசெட்டிக் வலுக்குறைந்த அமிலம், பிஹெச் மெதுவாத்தான் ஏறும். உங்க கரைசலே 3 கிட்டதான் தொடங்குது. மூணுல ஒரு பங்கு அமிலம் முடியறப்பவே மஞ்சள் வந்துடும். பினாப்தலீன் நிலைகாட்டி போடுங்க, 13 மிலி பக்கம் வரணும்.

மோலார்70:
நடுநிலையாக்கல்னா பிஹெச் 7. பினாப்தலீன் 8-க்கு மேலதான் நிறம் காட்டும். அப்போ காரம் மிஞ்சிப் போகாதா?

பிப்பெட்_பிரியன்:
வலுவான அமிலமும் வலுவான காரமும் சேர்ந்தாத்தான் 7. இங்க உண்டாகிற உப்பு சோடியம் அசெட்டேட். அசெட்டேட் தண்ணிகிட்ட புரோட்டானை வாங்கி ஹைட்ராக்சைடை விடும். அமிலம் துளி மிச்சமில்லாம தீர்ந்த இடத்துலயே பிஹெச் 8.7 கிட்ட நிக்கும்.

மோலார்70:
பாடப் புத்தகத்துல உப்பும் நீரும்னுதான் இருக்கு.

பிப்பெட்_பிரியன்:
உப்பும் நீரும்தான் வருது சார். அந்த உப்பு சும்மா இருக்கிறதில்லைன்னுதான் சொல்றேன். அதே புத்தகத்துல உப்பு நீராற்பகுத்தல்னு பாடம் இருக்கு.

லேப்காரர்:
எதுக்கும் சோடா பாட்டிலை ரப்பர் கார்க் போட்டு மூடி வைங்க. கண்ணாடி மூடின்னா இறுகிப் பிடிச்சிக்கும்.

கடைசிபெஞ்ச்12:
போட்டுப் பார்த்தேன். 13.2, 13.3, 13.3. கணக்குல 4% வந்துடுச்சு. ஆனா இளஞ்சிவப்பு ரெண்டு நிமிஷத்துல மங்கிடுது, இன்னொரு சொட்டு விடணுமா?

வேதியியல்_அக்கா:
வேண்டாம். அரை நிமிஷம் நின்னாப் போதும். அப்புறம் மங்கறது காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு கரையறதால. 13.3-யே எழுதுங்க.