துகள் டிடெக்டர் கிட்ட ஏமாந்த அனுபவம் இருந்தா சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். பாண்டில எம்.எஸ்சி. படிச்சப்போ ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் க்யூப் சீசியம் அயோடைடு கிறிஸ்டல், தாலியம் கலந்தது, துகள் பட்டா ஒளிரும், குழாய்க்கு சுத்துற வெள்ளை டெஃப்லான் டேப்பை அது மேல நாலஞ்சு சுத்து சுத்தி, பின்னாடி அந்த வெளிச்சத்தை சிக்னலா மாத்துற ஒரு சிலிக்கான் போட்டோடயோடு ஒட்டினேன். ஜப்பான்ல பெல்னு ஒரு பெரிய துகள் எக்ஸ்பெரிமென்ட்ல இதே கிறிஸ்டல் 8736 இருந்துச்சு, ஒவ்வொண்ணும் 30 சென்டிமீட்டர் நீளம், பின்னாடி ரெண்டு ரெண்டு டயோடு. நம்மளது அதோட கடைக்குட்டி. முதல் நாளே ஆசிலோஸ்கோப்ல பல்ஸ் வருது, வானத்துல இருந்து வர்ற மியூவான் துகளைப் பிடிச்சாச்சுன்னு ஹாஸ்டல்ல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்துட்டேன். மறுநாள் தொடைக்கலாம்னு கிறிஸ்டலை கழட்டுறேன், அப்பவும் பல்ஸ் வருது!! கைடு சார் சிரிச்சுட்டு, "தம்பி, டயோடுக்கு வெளிச்சமும் ஒண்ணுதான் நேரா வந்து இடிக்கிறதும் ஒண்ணுதான்"னாரு. 300 மைக்ரான் சிலிக்கானை ஒரு மியூவான் தாண்டினாலே சுமார் 24,000 எலக்ட்ரான் கிளம்பிடும். போதாக்குறைக்கு மேஜையைத் தட்டினா கூட பல்ஸ். டீ காசு போனதுதான் மிச்சம்.

பதில் 1:
விடுங்க ப்ரோ, ஜெனீவா சேர்ன்ல இருக்குற பெரிய சி.எம்.எஸ். டிடெக்டர்லயே இந்த வம்பு உண்டு. எங்க சித்தப்பா பையன் அங்க ஷிஃப்ட் பார்த்துட்டு கடலூர் வந்தப்போ சில்வர் பீச்ல உக்காந்து ராத்திரி பூரா இதான் பேச்சு. நடுவுல பீப்பாய் மாதிரி இருக்குற பகுதில மட்டும் 61,200 லெட் டங்ஸ்டேட் கிறிஸ்டல், வெளிச்சம் ரொம்ப கம்மியா குடுக்கும், 3.8 டெஸ்லா காந்தத்துக்குள்ள வெளிச்சத்தை சிக்னலா மாத்திப் பெருக்குற சாதா போட்டோமல்டிப்ளையர் குழாய் வேலைக்கு ஆகாது, அதனால கிறிஸ்டலுக்கு ரெண்டு அவலாஞ்ச் போட்டோடயோடு வச்சு சிக்னலை 50 மடங்கு பெருக்குறாங்க. துகள்களை மோத விட ஆரம்பிச்சதும் திடீர்னு ஒரே ஒரு கிறிஸ்டல்ல மட்டும் ஏகப்பட்ட எனர்ஜி, அக்கம்பக்கம் கம்முனு இருக்கு. நிஜ ஷவர்னா, அதாவது ஒரு துகள் கிறிஸ்டல்ல மோதி கிளப்புற துகள் மழைன்னா, பக்கத்து கிறிஸ்டலுக்கும் கொஞ்சம் சிந்தணும்ல, இது டயோடுலயே நேரா அடிச்ச துகள். ஸ்பைக்னு பேர் வச்சு, பக்கத்து நாலு கிறிஸ்டலையும் பார்த்து கழிச்சுக் கட்டுறாங்க. டைமிங்லயும் மாட்டிக்கும், கிறிஸ்டல் ஒளிர கொஞ்சம் நேரம் எடுக்கும், ஸ்பைக் முந்திக்கிட்டு வந்துடும். இன்னொண்ணு, ஒரு டிகிரி சூடு ஏறினாலே சிக்னல் சில சதவீதம் இறங்கிடுமாம், அதனால 18 டிகிரில அசையாம வச்சிருக்காங்க. நம்ம ஊர் மே மாசத்துல வச்சா என்ன ஆகும்னு கேட்டேன், முறைச்சான்.

பதில் 2:
என் கதை தானே புயல் அப்போ, 2011 டிசம்பர் 30. கடலூர் ஓ.டி.ல (ஓல்டு டவுன்) எங்க வீட்டு மாடில ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள்ள இதே மாதிரி கிறிஸ்டலும் டயோடும், 9 வோல்ட் பேட்டரி, பல்ஸ் வந்தா டிக்குனு ஒரு குட்டி பஸ்ஸர். மாசக்கணக்கா ஒரே நாய்ஸ், டியூப்லைட் வெளிச்சம்தான் உள்ள கசியுதுன்னு நெனச்சு கறுப்பு டேப்பா ஒட்டித் தள்ளுறேன், ஒண்ணும் வேலைக்கு ஆகல. புயல்ல ஊருக்கே கரண்ட் போச்சு. நாலாம் நாள் ராத்திரி சும்மா ஆன் பண்ணேன். அவ்ளோ சுத்தம்! வயரிங்ல இருந்து வந்த 50 ஹெர்ட்ஸ்தான் அத்தனை நாள் என்னை ஆட்டி வச்சிருக்கு, டின்னை கிரவுண்ட்ல சேர்க்கவே இல்ல நான், முட்டாள். சின்ன பல்ஸுக்கும் டிக் அடிக்கிற மாதிரி த்ரெஷோல்டை இறக்கிட்டு இருட்டுல காது குடுத்து உக்காந்தேன், விட்டு விட்டு டிக்... டிக்... கீழ படுத்திருந்த அம்மா, "பல்லி சொல்லுதுடா, சீக்கிரம் கரண்ட் வந்துடும்"னாங்க. கரண்ட் வர்றதுக்குள்ள பேட்டரி தீர்ந்துடுச்சு.