கொழுந்தெடுத்து வளர்த்த அம்மாவுக்கு ஒரு கடிதம்: எப்படி எழுதுவது?

கேள்வி: மஸ்கெலியா மகள்

அனைவருக்கும் வணக்கம். நான் பேராதனையில் படித்து முடித்து இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுத்து என்னையும் அண்ணனையும் வளர்த்த அம்மா, அண்மையில் வேலையிலிருந்து நின்று, ஊழியர் சேமலாப நிதியையும் பெற்றுக்கொண்டார். அவருக்கு என் கையால் ஒரு கடிதம் எழுத விரும்புகிறேன். நாள்தோறும் தொலைபேசியில் பேசுகிறோம் என்றாலும், அந்தப் பேச்சு மழை, இருமல், அரிசி விலை, அண்ணன் பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைத் தாண்டுவதில்லை. அவர் எனக்காகப் பட்டதையெல்லாம் நான் மறக்கவில்லை என்று சொல்லத் தொடங்கினாலே, "சாப்பிட்டியா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. அம்மா தோட்டப் பாடசாலையில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக்கூட்டி வாசிப்பார்; ஆனால் கடிதம் நீளமாக இருந்தால் அண்ணனின் மகளிடம் கொடுத்துத்தான் வாசிக்கச் சொல்வார். லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) ஒருவர் உரத்து வாசித்தால் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும் என்பது இங்குள்ள பலருக்கும் தெரியும். அடுத்தது, எழுத உட்கார்ந்தால் "தாயே, நீயே தெய்வம்" என்று பள்ளிக்கூடக் கட்டுரையைப் போலத்தான் வருகிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியை, பண்டாரவளை

மகளே, தெய்வத்தை விட்டுவிடுங்கள். எந்தத் தாய்க்கும் பொருந்துகிற வாக்கியம் உங்கள் தாய்க்கு எழுதியதாக ஆகாது. நான் வகுப்பில் அம்மாவைப் பற்றி எழுதச் சொன்ன போதெல்லாம், "என் அம்மா அன்பானவர், பண்பானவர்" என்றே எல்லாக் கொப்பிகளும் ஒன்றுபோல வந்தன. ஒருமுறை, அம்மாவின் கைகளைப் பற்றி மட்டும் எழுதுங்கள் என்றேன். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்களில் வெடிப்பு இருப்பதால், தலைவாரும்போது தன் முடி அதில் சிக்குமென்றும், அதற்காக அம்மா முதலில் விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வாரென்றும் ஒரு சிறுமி எழுதினாள். நான் திருத்துவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே நீங்களும் ஒரேயொரு செயலைத் தெரிந்தெடுங்கள். விடியுமுன் எழுந்து ரொட்டியும் சம்பலும் செய்து வைத்துவிட்டுப் பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடியதாக இருக்கலாம். சேறும் அட்டையும் நிறைந்த குறுக்குப் பாதையில் நீங்கள் வெறுங்காலுடன் நடக்க, வெள்ளைச் சப்பாத்தைப் பையில் சுற்றித் தார் ரோடு வரைக்கும் அவர் தூக்கி வந்ததாகவும் இருக்கலாம். அந்த இடம், அந்த நேரம், அன்று அவர் சொன்ன சொல் ஆகியவற்றை அப்படியே எழுதி, அப்போது உங்களுக்கு விளங்காதிருந்து இப்போது விளங்குவதையும் சேர்த்துவிட்டால் ஒரு பக்கம் தானாக நிரம்பும்.

பதில் 2: லிந்துலைக்காரன்

ஆசிரியை சொன்னது சரியே. ஆனால் உரத்து வாசிக்கப்படும் கடிதத்துக்கு வேறு இலக்கணமும் உண்டு. எண்பதுகளில் எங்கள் லயத்தில் கடிதம் வாசித்த பையன் நான்தான். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கோச்சியேறி (ரயிலேறி), தலைமன்னாரில் கப்பலும் ஏறிப் போன உறவினர்கள் தமிழ்நாட்டின் கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் எழுதியவற்றையும், குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் எழுதியவற்றையும், வாசற்படியில் உட்கார்ந்து சத்தமாக வாசித்திருக்கிறேன். கேட்பதற்குக் கூட்டம் கூடிவிடும். தன் பெயர் வருகிறதா என்று ஒவ்வொருவரும் காத்திருப்பார்கள்; வராவிட்டால் அந்த மனத்தாங்கல் அடுத்த தீபாவளி வரைக்கும் நீளும். ஆகவே அண்ணன், அண்ணி, பிள்ளைகள், பக்கத்துக் காம்பரா மாமி என்று எல்லோரையும் முதலிலேயே பெயர் சொல்லி நலம் விசாரித்துவிடுங்கள். இதைச் சம்பிரதாயம் என்று தள்ள வேண்டாம்.

என் அத்தை கோத்தகிரியிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று இன்னும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மழை, விளைச்சல், பிள்ளைகளின் சுகம் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு, கோச்சி புறப்படும் நேரத்தில் அப்பா தன் கம்பளியைக் கழற்றி ஜன்னல் வழியாகக் கொடுத்ததையும், அதைத்தான் அங்கே பிள்ளைகள் இருவரும் போர்த்திக்கொண்டு படுப்பதையும் இரண்டே வரிகளில் எழுதியிருந்தார். அதற்கு மேல் புகழ்ச்சி எதுவும் இல்லை. அப்பா அந்த இடத்தை மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கூடியிருந்தவர்களைப் பார்த்து, "சரி சரி, போய் வேலையைப் பாருங்க" என்றார்.

உங்கள் சிக்கலுக்கு இரண்டு தாள்கள் போதும். முதல் தாள் எல்லோருக்கும் உரியது, பேத்தி வாசிக்கட்டும். இரண்டாவது தாளை அம்மாவுக்கு மட்டும் என்று மடித்து, அச்செழுத்தைப் போலப் பெரிதாக, சொற்களுக்கிடையில் இடம் விட்டு, அவருக்குப் பழகிய பேச்சுச் சொற்களிலேயே எழுதுங்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பவருக்கு அரைப் பக்கம் என்பது ஒரு மாலை முழுவதற்கும் காணும். அவர் தனியாக இருந்து, தன் கதியில் வாசிக்கட்டும்.

பதில் 3: டிக்கோயா அக்கா

நான் கடிதம் பெற்ற பக்கத்திலிருந்து பேசுகிறேன். குவைத்தில் வேலை செய்தபோது என் மூத்த மகள் எழுதிய கடிதங்களில், நான் பட்ட கஷ்டங்களை வரிசையாக அடுக்கிய ஒன்றை ஒரு தடவைக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. பட்டதை மறுபடி பட்டது போலாகிவிட்டது. நான் அனுப்பிய காசில் தம்பிக்கு மூக்குக்கண்ணாடி வாங்கியதையும், பள்ளிக்கூடத்தில் அவன் முன்வாங்கிலிருந்து பின்வாங்குக்கு மாறிவிட்டதையும் எழுதியிருந்த கடிதத்தைத்தான் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். ஆகவே ஆசிரியை சொன்ன அந்தச் சப்பாத்துக் கதையோடு நிறுத்திவிடாமல், அந்தச் சப்பாத்துப் போட்ட பிள்ளை இன்று எப்படி வாழ்கிறாள் என்பதையும் எழுதுங்கள், தங்கச்சி. எந்தச் சோற்றைச் சமைக்கிறீர்கள், எந்தப் பழக்கம் அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்பவையெல்லாம் வரட்டும்.

இன்னொன்று. கடிதம் வருகிறது என்று தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் ஆட்களுக்குச் சொல்லாமல் தபால் வந்தால் வங்கிக் கடனோ, நீதிமன்ற அழைப்போ என்று நெஞ்சு பதறும். கடித உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினால், பிரித்துப் பார்க்கும் முன்னே நல்ல செய்தி என்று தெரிந்துவிடும்.

பதில் 4: ஹட்டன் வாசகர்

உள்ளடக்கத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். போய்ச் சேர்வதைப் பற்றிச் சொல்கிறேன். பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லாததால் தபால் முதலில் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் போகும். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படும். பெயரோடு டிவிசன் (தோட்டப் பிரிவு), லயத்து இலக்கம், தோட்டம், தபாலகம், தபால் குறியீட்டு எண் எல்லாவற்றையும் தெளிவாக எழுதுங்கள். அதே பெயரில் இன்னொருவர் இருக்கக்கூடும் என்பதால் அண்ணனின் பெயரையும் சேர்ப்பது நல்லது. உள்நாட்டுச் சாதாரணக் கடிதக் கட்டணம் 2022 ஆகஸ்டில் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக உயர்ந்தது; அதற்கு மேல் கொஞ்சம் செலவானாலும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பேனையைப் பொறுத்தவரையில் குமிழ்முனை (பால்பொயின்ட்) பேனையே நல்லது. மஸ்கெலியா ஈரத்தில் ஜெல் பேனை மை ஊறிப் பரவும். பால்பொயின்ட் மை நிற்கும்.

கேள்வியாளர்: மஸ்கெலியா மகள்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு தாள் யோசனை நான் நினைத்தே பார்க்காதது. சப்பாத்தைவிட, சாதாரண தரப் பரீட்சைக் காலத்தில் நான் படித்து முடிக்கும் வரைக்கும் அம்மா விளக்கின் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்ததைத்தான் எழுதப் போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த நாட்களில் அப்பாவின் குடியால் வீட்டில் நிம்மதி இருக்கவில்லை. அம்மா அப்படி உட்கார்ந்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்பா இப்போது இல்லை. அதை இரண்டாவது தாளில் தொடலாமா?

பதில் 5: ஓய்வுபெற்ற ஆசிரியை, பண்டாரவளை

எழுத வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். கடிதம் அம்மாவின் பெட்டியில் பல காலம் இருக்கும். நாளைக்கு அதைப் பேத்தி எடுத்து வாசிப்பாள். "நான் படித்து முடிக்கும் வரைக்கும் நீங்கள் என் பக்கத்தில் இருந்தீர்கள், ஏன் இருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும்" என்று எழுதினால் உங்கள் இருவருக்கும் விளங்கும், மற்றவர்களுக்கு விளங்காது. மிச்சத்தை அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அவர் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துப் பேசுங்கள். முகத்தைப் பார்க்காமல் கேட்கவும் சொல்லவும் அது வசதியான வேலை.