சின்ன நாய்க்கு வாராவாரம் குளியல்: சரியா, தப்பா?

பஞ்சுமூட்டை:
எங்கள் வீட்டு ஷிட்சூ நாய்க்கு நாலு வயது, ஆறு கிலோ. ஞாயிறுதோறும் நானே குளிப்பாட்டி விடுகிறேன். போன வாரம் வந்த உறவுக்காரர், "மாசம் ஒரு தடவைக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் தோல் கெட்டுவிடும், நீ செய்வது பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. என் காலடியில் கட்டிலில் படுக்கிற பிள்ளை அவன். தரையோடு தரையாக நடக்கிறவன், வயிற்று முடி போகிற வழியெல்லாம் கூட்டிப் பெருக்கிக்கொண்டு வருகிறது. வாரம் ஒருமுறை தப்பில்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

வெள்ளைவால்:
நான் உங்கள் உறவினர் கட்சி. பாவம் என்பது பெரிய வார்த்தை, ஆனால் அவர் சொன்ன விஷயம் சரி. நாயின் தோலில் ஓர் எண்ணெய்ப் பசை ஊறிக்கொண்டே இருக்கும். முடிக்கு மினுமினுப்பும் தோலுக்குக் காப்பும் அதுதான். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்கிற பிராணியும் இல்லை, வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில்தான். பிறகு எதற்கு வாராவாரம் நுரை? என் பொமரேனியனை முதல் வருடம் அப்படித்தான் குளிப்பாட்டினேன். வாலடியில் பொடுகு கொட்டியது, விடிய விடியச் சொறிவான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றிய பிறகுதான் அடங்கியது.

பஞ்சுமூட்டை:
என்ன ஷாம்பு போட்டீர்கள் சார்?

வெள்ளைவால்:
வீட்டில் நாங்கள் தலைக்குப் போடுவதைத்தான்.

பஞ்சுமூட்டை:
அங்கேதான் இடிக்கிறது. நம் தோல் அமிலப் பக்கம், பிஎச் என்கிற அமில அளவில் 5.5-ஐ ஒட்டி இருக்கும். நாயின் தோல் நடுநிலையான 7-க்குப் பக்கத்தில். நமக்காகச் செய்ததை அதற்குப் போட்டால் வறண்டுதான் போகும். குற்றம் ஷாம்புவின் மேல், வாரக்கணக்கின் மேல் இல்லை. தோல் ஒவ்வாமை உள்ள நாய்களுக்கு மருத்துவர்களே வாரம் ஒருமுறை, இரண்டு முறை குளியல் எழுதித் தருகிறார்கள். நுரையைப் பத்து நிமிடம் ஊறவிடவும் சொல்கிறார்கள். அடிக்கடி குளிப்பதே கெடுதல் என்றால் அப்படிச் சொல்வார்களா?

வெள்ளைவால்:
ஷாம்பு விஷயத்தில் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது மருந்துக் குளியல். நோயாளிக்கு எழுதியதைக் காட்டி நல்லபடியாக இருக்கிறவனுக்கும் செய்யலாம் என்பதை ஏற்க மாட்டேன். இன்னொன்று, பிடரியில் சொட்டு விடுகிற உண்ணி மருந்து போடுகிறீர்களா? அதில் பலவற்றுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது. அடிக்கடி ஷாம்பு பட்டாலும் வீரியம் குறையும். அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

சீப்புக்காரி:
இரண்டு பேரும் நாட்களை எண்ணுகிறீர்கள். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: தண்ணீர் ஊற்றும் முன் சீவுகிறீர்களா?

நீள முடி நாயில் சின்ன சிக்கு இருக்கும்போது நனைத்தால், காயக் காய அது இறுகிக் கம்பளித் துண்டு போல ஆகிவிடும். உள்ளே ஈரம் நிற்கும், ஷாம்புவும் அலசாமல் நிற்கும். அப்புறம் சொறி, புண். அதைப் பார்த்துவிட்டுக் குளியலைத்தான் குறை சொல்வோம்.

மேலாக பிரஷ் ஓட்டுவது சீவுவது ஆகாது. முடியைப் பகுதி பகுதியாக விலக்கி, தோல் தெரிகிற மாதிரி பிடித்து, அடியிலிருந்து இரும்புச் சீப்பு விட வேண்டும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கு, கழுத்துப்பட்டைக்குக் கீழே. இந்த மூன்று இடத்தில்தான் ஒளிந்திருக்கும். சீப்பு எங்கும் நிற்காமல் போனால் மட்டும் தண்ணீர்.

சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். என் மால்டீஸுக்கு அக்குளில் ஒரு சிக்கு. பிடித்து இழுத்து ஒரு வெட்டு வெட்டினேன். சிக்கோடு சேர்ந்து தோலும் மேலே தூக்கி வந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. மூன்று தையல். அவள் கத்தக்கூட இல்லை, என் கையை நக்கினாள். ஆறு வருடமாகியும் அந்த இடத்தில் முடி விலக்கும்போது என் கை நடுங்குகிறது. இப்போது விரலால் பிரித்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறேன். ஒரு சிக்குக்கு அரைமணி நேரம் ஆனாலும் சரி.

மொட்டைமாடி:
இவ்வளவு பாடு எதற்கு? வெயில் காலத்தில் ஒட்ட மழித்துவிட்டால் முடிந்தது. சிக்கும் இல்லை, சூடும் இல்லை.

வெள்ளைவால்:
தயவுசெய்து பொமரேனியனுக்கு அதைச் செய்யாதீர்கள். அதற்கு முடி இரண்டு அடுக்கு. ஒட்ட எடுத்தால் சிலதுக்குத் திரும்பச் சரியாக வளராது, திட்டுத்திட்டாக நிற்கும். வெயில் தோலில் நேராகப் படாமல் தடுப்பதும் அந்த முடிதான். சூட்டுக்கு நிழலும் தண்ணீரும் கொடுங்கள், உதிர்ந்து நிற்கும் அடிமுடியைச் சீவி எடுங்கள்.

சீப்புக்காரி:
ஷிட்சூ, மால்டீஸ், பூடில் வேறு வகை. வளர்ந்துகொண்டே போகும், குட்டையாக வெட்டலாம். அங்கும் தோல் தெரிய மழிக்கத் தேவையில்லை, ஒரு விரல் கனம் விடுங்கள். பஞ்சுமூட்டை, எப்படிக் காய வைக்கிறீர்கள்?

பஞ்சுமூட்டை:
துண்டால் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு டிரையர் போடுவேன் அக்கா.

சீப்புக்காரி:
தேய்க்காதீர்கள், அதுவே சிக்கு போடும். துண்டை வைத்து அழுத்தி அழுத்தி எடுங்கள். டிரையரில் இளஞ்சூட்டுக்கு மேல் வேண்டாம், காற்று படும் இடத்தில் உங்கள் இன்னொரு கை இருக்கட்டும். கை சுட்டால் அவனுக்கும் சுடும். முகத்துக்குத் தண்ணீர் ஊற்றாமல் ஈரத்துணியால் துடையுங்கள். காதில் பஞ்சு வைத்தால் எடுக்க மறக்காதீர்கள். தொட்டியில் வழுக்காத விரிப்பு ஒன்று போடுங்கள். பாதி நாய்கள் பயப்படுவது தண்ணீருக்கு இல்லை, கால் வழுக்குவதற்கு.

பஞ்சுமூட்டை (மறுநாள்):
நேற்று ராத்திரி கழுத்துப்பட்டையைக் கழற்றினேன். மேலே பட்டு மாதிரி முடி, அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சிக்கு. பிரித்துப் பார்த்தால் தோல் சிவந்து, லேசாக ஈரம். வாராவாரம் குளிப்பாட்டிய என் கைக்கு இத்தனை நாள் அது தட்டுப்படவே இல்லை. இந்த ஞாயிறு குளியல் கிடையாது. அதற்காக மாதம் ஒருமுறை என்று மாறிவிட்டேன் என நினைக்காதீர்கள் வெள்ளைவால் சார். அடி வரை சீவி, அடி வரை காய வைத்தால் வாரம் ஒருமுறை சரிதான் என்றே இன்னும் நினைக்கிறேன்.

வெள்ளைவால்:
நானும் மாறவில்லை. ஆனால் ஈரம் இருக்கிறது என்கிறீர்கள், அந்த இடத்தை நாளைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை பட்டை போடாதீர்கள்.